சாகாம இருக்க முடியுமா? எல்லாரும் கேட்கற கேள்விகளும் பதில்களும்

நான் காலேஜ்ல விலங்கியல் நடத்தறேன். செல்லுக்கு வயசாகற பாடம் வந்தாலே கிளாஸ்ல ஆரம்பிச்சு ஸ்டாஃப் ரூம், கல்யாண வீடு, வாட்ஸப் குரூப்னு எல்லா இடத்துலயும் ஒரே சந்தேகங்கள்தான் சுத்தி சுத்தி வருது. அதையெல்லாம் இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன், கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே. வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்கள்ல முன்னாடி சொன்னதை திரும்ப சொல்லல.

மேடம், ஒரே வார்த்தைல சொல்லுங்க, மனுஷன் சாகாம இருக்க முடியுமா முடியாதா?

முடியாது. ஆனா இந்தக் கேள்விக்குள்ள மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு, அதைப் பிரிச்சுட்டா பாதி குழப்பம் போயிடும். வயசாகறதை மெதுவாக்க முடியுமா, வயசாகறதை அப்படியே நிறுத்த முடியுமா, சாவே இல்லாம பண்ண முடியுமா. முதலாவது மிருகங்கள்ல நடந்திருக்கு, மனுஷனுக்கும் ஓரளவு நடக்கலாம். ரெண்டாவது இதுவரைக்கும் எந்தப் பாலூட்டிலயும் யாரும் பண்ணிக் காட்டல. மூணாவது எந்த டெக்னாலஜி வந்தாலும் நடக்காது.

ஏன் நடக்காதுன்னா, வயசாகாதவங்களுக்கும் பஸ் மோதும், வெள்ளம் வரும், புதுசா ஒரு வைரஸ் வரும். கண்ணாடி டம்ளருக்கு வயசாகறதே இல்ல, இருந்தாலும் தாத்தா காலத்து டம்ளர் எத்தனை வீட்டுல மிச்சம் இருக்கு? ஒரு வருஷத்துல ஆயிரத்துல ஒருத்தர் விபத்துலயோ தொத்து நோய்லயோ போறாங்கன்னு வெச்சு கணக்குப் போட்டா, யாருக்கும் வயசே ஆகாத ஊர்லகூட 700 வருஷம் முடியறதுக்குள்ள பாதிப்பேர் இருக்க மாட்டாங்க. நீளமான ஆயுசு, ஆனா முடிவில்லாதது கிடையாது. அதனால கீழ நான் பேசறதெல்லாம் பெரும்பாலும் முதல் கேள்வியைப் பத்திதான்.

அப்ப அதிகபட்சம் எவ்ளோ வருஷம் வாழலாம்?

சான்றிதழோட நிரூபணமான அதிகபட்ச வயசு 122 வருஷம் 164 நாள். பிரான்ஸ்ல ஆர்ல் நகரத்துல வாழ்ந்த ழான் கால்மான், 1875ல பொறந்து 1997ல இறந்தாங்க. 1997ல இறந்தது ழான் இல்ல, அவங்க பேர்ல வாழ்ந்த அவங்க மகள்னு 2018ல ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாங்க, ஆனா வயசு ஆராய்ச்சி பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க அதை ஏத்துக்கல. மருத்துவம் இவ்ளோ வளர்ந்தும் அதுக்கப்புறம் ஒருத்தர்கூட அந்த எண்ணைத் தொடலைங்கறதுதான் இதுல கவனிக்க வேண்டியது.

காரணத்தை 1825லயே லண்டன்ல இன்ஷூரன்ஸ் கணக்கு பார்த்த பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் கவனிச்சுட்டார். வளர்ந்த மனுஷனுக்கு சாகற வாய்ப்பு வயசோட கூடவே பெருகிட்டே போகுது, சுமாரா 8 வருஷத்துக்கு ஒருதடவை ரெட்டிப்பாகுது. 40ல சின்னதா இருக்கற ஆபத்து 48ல ரெண்டு மடங்கு, 56ல நாலு மடங்கு, இப்படியே போனா 100 தாண்டினதும் ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடற மாதிரி ஆயிடும். இந்தக் கணக்கு மாறுமா மாறாதான்னு ஸ்டீவன் ஆஸ்டட், ஜே ஒல்ஷான்ஸ்கின்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 2000த்துல பந்தயமே கட்டியிருக்காங்க, அப்ப உயிரோட இருந்த யாராவது ஒருத்தர் 150 வயசைத் தொடுவாங்கன்னு ஒருத்தர், மாட்டாங்கன்னு இன்னொருத்தர், முடிவு தெரியறது 2150ல, பணம் வாரிசுகளுக்கு.

எங்க ஊர்ல ஒரு பாட்டி 130 வயசு வரைக்கும் இருந்தாங்களே, அது கணக்குல வராதா?

பொறந்த தேதிக்கு பேப்பர் இருக்கா? பெரும்பாலும் இருக்காது. பஞ்சம் வந்த வருஷம் பொறந்தேன், பெருவெள்ளத்துக்கு முன்னாடி பொறந்தேன்னு சொல்ற தலைமுறைல 15, 20 வருஷம் கூடறது சாதாரணம், அது பொய் சொல்றதும் இல்ல.

பேப்பர் பக்காவா இருக்கற நாட்டுலயே இது நடக்கும். ஜப்பான்ல 2010ல டோக்கியோவோட மிக வயசான ஆம்பளைன்னு நினைச்ச 111 வயசுக்காரரை வாழ்த்தப் போனா, அவர் இறந்து 30 வருஷம் ஆகியிருந்துச்சு, வீட்டுல பென்ஷன் வாங்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் தேடிப் பார்த்தா குடும்பப் பதிவேட்டுல 100 வயசுக்கு மேலன்னு இருந்த 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான பேர் எங்க இருக்காங்கன்னே தெரியல. அதனால எந்த ஊர்லயாவது எல்லாரும் 110 வயசு வாழறாங்க, அந்த ஊர் கிழங்கைச் சாப்பிடுங்கன்னு யாராவது வித்தா, முதல்ல பொறப்புப் பதிவைக் கேளுங்க.

அந்தக் காலத்துல எல்லாரும் 100 வயசு இருந்தாங்க, இப்பதான் கண்டதைத் தின்னு சீக்கிரம் போறாங்க, இல்லையா?

இல்ல. சுதந்திரம் வாங்கினப்ப இந்தியாவோட சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம், இப்ப 70ஐ ஒட்டி இருக்கு. சராசரி 32ன்னா எல்லாரும் 32ல செத்தாங்கன்னு அர்த்தம் இல்ல, ஏகப்பட்ட குழந்தைங்க முதல் வருஷத்தையே தாண்டலன்னு அர்த்தம். நம்ம நினைவுல இருக்கறது தப்பிச்சு 90 வரைக்கும் வந்த தாத்தா மட்டும்தான். அவர்கூடப் பொறந்து தொட்டில்லயே போன நாலு பேரோட பேர்கூட வீட்டுல யாருக்கும் தெரியாது.

இந்த 38 வருஷத்தை யார் கொடுத்தாங்கன்னு பாருங்க. தடுப்பூசி, நல்ல தண்ணி, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, ஆன்டிபயாட்டிக், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கரைசல். மனுஷ சரித்திரத்துல ஆயுசை நீட்டின பெரிய டெக்னாலஜி இதுதான், இதை யாரும் சாகாவரம்னு சொல்லி விக்கல.

கேன்சருக்கு முழுசா மருந்து வந்துட்டா ஆயுசு எகிறிடும்ல?

நானும் அப்படித்தான் இருக்கணும்னு ஆசைப்படறேன், ஆனா கணக்கு வேற. அமெரிக்க மரணக் கணக்கை வெச்சுப் பார்த்தா எல்லா கேன்சரும் ஒரே நாள்ல ஒழிஞ்சாலும் சராசரி ஆயுள் கூடறது சுமார் 3 வருஷம்தான். மேல சொன்ன ரெட்டிப்புக் கணக்குதான் காரணம், 80 வயசுல கேன்சர் விட்டாலும் ஹார்ட்டோ கிட்னியோ நிமோனியாவோ பக்கத்துலயே நிக்குது. அதுக்காக கேன்சர் ஆராய்ச்சி வேண்டாம்னு அர்த்தமே இல்ல, 35 வயசுல ரெண்டு குழந்தையோட இருக்கற அம்மாவுக்கு அது 40 வருஷம். ஆனா வயசானவங்களுக்கு ஒவ்வொரு நோயா துரத்தறதைவிட, எல்லா நோய்க்கும் அடியில இருக்கற முதுமையையே மெதுவாக்கினா என்னன்னு விஞ்ஞானிகள் கேட்க ஆரம்பிச்சது இதனாலதான்.

வயசாகறதுன்னா உடம்புக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

ஒரே காரணம் இல்ல, அதுதான் கஷ்டமே. 1961ல லியோனார்ட் ஹேஃப்லிக் ஒண்ணு கண்டுபிடிச்சார், மனுஷ செல்லை டிஷ்ல வளர்த்தா 40லிருந்து 60 தடவை பிரிஞ்சுட்டு நின்னுடும். அப்புறம்தான் குரோமோசோம் நுனில இருக்கற டெலோமியர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தேயுதுன்னு புரிஞ்சுது, அந்த வேலைக்கு எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூணு பேருக்கும் 2009ல நோபல். இதுபோக டிஎன்ஏ அடிவாங்குது, செல்லுக்கு சக்தி கொடுக்கற மைட்டோகாண்ட்ரியா சோர்ந்து போகுது, புரதம் ஒழுங்கா மடங்காம குப்பையா சேருது, பிரியவும் செய்யாம சாகவும் செய்யாம நிக்கற கிழட்டு செல்கள் சுத்தி இருக்கற நல்ல செல்லையும் கெடுக்குது.

இங்க உடனே வர்ற அடுத்த கேள்வி, டெலோமியரை நீட்டற மாத்திரை போட்டா போதுமேன்னு. செல் நிக்காம பிரிஞ்சுட்டே இருந்தா அதுக்குப் பேர் கேன்சர். பத்துல எட்டு ஒம்போது கேன்சர்ல டெலோமியரை நீட்டற அந்த என்சைம்தான் வேலை செஞ்சுட்டு இருக்கு. ஹென்ரியட்டா லாக்ஸ்ங்கற கறுப்பினப் பெண் 1951ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல இறந்தாங்க, அவங்க கட்டியிலிருந்து அவங்களையே கேட்காம எடுத்த செல்கள் இன்னிக்கும் உலகம் பூரா லேப்ல பெருகிட்டே இருக்கு. சாகாத செல் இருக்கு, ஆனா அந்த செல்தான் அந்தம்மாவோட உயிரை 31 வயசுல எடுத்துச்சு. செல் சாகாம இருக்கறதும் மனுஷன் சாகாம இருக்கறதும் ஒண்ணு இல்ல, பல நேரம் எதிரெதிரா நிக்கும்.

மரணமே இல்லாத ஜெல்லிமீன் இருக்காமே?

இருக்கு, டுரிடாப்சிஸ்னு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ வளர்ந்த உடம்பைக் கலைச்சுட்டு திரும்பக் குழந்தைப் பருவத்துக்குப் போயிடும். ஆனா மீன் தின்னா போச்சு. நன்னீர்ல வாழற ஹைட்ராங்கற குட்டி உயிரும் வயசானதுக்கான அடையாளத்தையே பெருசா காட்டாது. ரெண்டுக்கும் மூளை கிடையாது, நினைவு கிடையாது, உடம்பைக் கலைச்சுப் போட்டா இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நமக்கு உருப்படியா பாடம் சொல்லித்தர்றது 200 வருஷம் தாண்டற போஹெட் திமிங்கலமும், எலி சைஸ்ல இருந்துட்டு 30 வருஷத்துக்கு மேல வாழற முடியில்லா துன்னெலியும்தான், ரெண்டும் பாலூட்டி, ரெண்டுக்கும் கேன்சர் ரொம்ப அபூர்வம்.

ஆராய்ச்சில நிஜமாவே ஏதாவது வேலை செஞ்சிருக்கா, இல்ல எல்லாம் பேச்சுதானா?

செஞ்சிருக்கு. 1993ல சிந்தியா கென்யன் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுல ஒரே ஒரு ஜீனை மாத்தினாங்க, ஆயுள் ரெட்டிப்பாச்சு, கடைசி வரைக்கும் சுறுசுறுப்பா நெளிஞ்சுட்டும் இருந்துச்சு. ஆயுசுங்கறது எழுதி வெச்ச மாதிரி மாறாத ஒண்ணுங்கற நினைப்பு அங்கதான் உடைஞ்சுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ராபாமைசின் கதை. 1964ல கனடாவுலிருந்து போன ஒரு குழு ராப்பா நூயின்னு சொல்ற ஈஸ்டர் தீவுல மண் எடுத்துட்டு வந்தாங்க. மான்ட்ரியல்ல ஒரு மருந்து கம்பெனில வேலை பார்த்த சுரேந்திர நாத் சேகல், அந்த மண்ணுல இருந்த பாக்டீரியாவுலிருந்து பூஞ்சையைக் கொல்ற ஒரு பொருளைப் பிரிச்சார். 80கள்ல கம்பெனி லேபை மூடி சரக்கையெல்லாம் அழிக்கச் சொன்னப்ப, அவர் கொஞ்சம் கல்ச்சரை வீட்டு ஃப்ரீசர்ல எடுத்து வெச்சுட்டார். அவர் விடாம நின்னதால அது 1999ல கிட்னி மாத்தினவங்களுக்கு மருந்தா வந்துச்சு. 2009ல அதையே 600 நாள் வயசான, அதாவது மனுஷக் கணக்குல கிட்டத்தட்ட 60 வயசான எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, பத்துல ஒம்போது எலி இறந்திருக்கற வயசு பெண் எலில 14 சதவீதமும் ஆண் எலில 9 சதவீதமும் தள்ளிப் போச்சு. வயசான பிறகு ஆரம்பிச்சும் வேலை செஞ்சுதுங்கறது பெரிய விஷயம். அதே நேரம் இது நோய் எதிர்ப்பைக் குறைக்கற மருந்து, வாய்ப்புண் வரும், சுகரும் கொழுப்பும் ஏறலாம், தயவுசெஞ்சு மெடிக்கல் ஷாப்ல தேடிப் போகாதீங்க.

இன்னொண்ணு யமனாகா. 2006ல ஷின்யா யமனாகா நாலு ஜீனைத் தூண்டிவிட்டு வளர்ந்த தோல் செல்லைக் கருவுல இருந்த நிலைக்கே திருப்பினார், 2012ல நோபல். இதை முழு உடம்புல விடாம ஓட்டினா எலிக்குக் கட்டி கட்டியா வந்துடுச்சு, கொஞ்ச நேரம் போட்டு அணைச்சா சீக்கிரம் கிழடாகற நோய் இருந்த எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்துச்சு. இந்தப் பாதைலதான் இப்ப பெரிய பணம் போகுது, 2022ல ஆல்டோஸ் லேப்ஸ்னு ஒரு நிறுவனம் 300 கோடி டாலரோட ஆரம்பிச்சாங்க. ஆரோக்கியமான மனுஷங்களோட ஆயுள் எந்த மருந்தாலயும் நீண்டதா இதுவரை நிரூபணம் இல்ல.

சுகருக்குப் போடற மெட்ஃபார்மின் ஆயுசைக் கூட்டுமாம், சுகர் இல்லாதவங்களும் போடலாமாக்கா?

இப்போதைக்கு வேண்டாம். சுகர் இருக்கறவங்க டாக்டர் சொன்னபடி போடுங்க, இல்லாதவங்களுக்கு நன்மைன்னு உறுதியான சோதனை முடியல. நியூயார்க்ல நிர் பார்ஸிலாய்னு ஒரு டாக்டர் 65லிருந்து 79 வயசுக்குள்ள 3,000 பேரை வெச்சு சோதிக்கணும்னு பல வருஷமா திட்டம் வெச்சிருக்கார், முக்கியத் தடங்கலே பணம்தான். மெட்ஃபார்மின் ரொம்ப மலிவு, காப்புரிமை எப்பவோ முடிஞ்சுது, ஜெயிச்சாலும் எந்தக் கம்பெனிக்கும் பெரிய லாபம் இல்ல. ஏழைக்கும் எட்டற ஒரு மாத்திரையைச் சோதிக்க ஆள் தேட வேண்டியிருக்குங்கறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், இதை பணக்காரங்க கேள்வி வரும்போது திரும்ப எடுக்கறேன்.

அமெரிக்காவுல ஒருத்தர் கோடி கோடியா செலவு பண்ணி வயசைக் குறைச்சுட்டாராமே?

பிரையன் ஜான்சனைச் சொல்றீங்க. பேமெண்ட் கம்பெனியை 2013ல 80 கோடி டாலருக்கு வித்தவர், வருஷம் 20 லட்சம் டாலர் உடம்புக்குச் செலவு பண்றேன்னு சொன்னவர். 2023ல தன் மகனோட பிளாஸ்மாவை ஏத்திப் பார்த்தார், பலன் தெரியலன்னு அவரே நிறுத்திட்டார். ராபாமைசினும் பல வருஷம் சாப்பிட்டு, பக்க விளைவு பார்த்து 2024ல விட்டுட்டார். அவர் சொல்ற உயிரியல் வயசுங்கறது ரத்தத்துலயும் டிஎன்ஏலயும் இருக்கற சில அடையாளங்களை வெச்சு கணிக்கறது, அந்த நம்பர் குறைஞ்சா ஆயுள் கூடும்னு இன்னும் யாரும் காட்டல. அவர் பண்றதுல கண்டிப்பா பலன் தர்றது நேரத்துக்குத் தூக்கம், உடற்பயிற்சி, குடிக்காம இருக்கறது, இது மூணுக்கும் கோடி தேவையில்ல.

இளைஞர் ரத்தம் ஏத்தற வியாபாரத்தைப் பத்தி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019ல நேரடியாவே எச்சரிச்சாங்க, பலன் நிரூபணம் இல்ல, ஆபத்து உண்டுன்னு.

சித்தருங்க காயகல்பம் சாப்பிட்டு ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்தாங்களே, நம்மகிட்ட இருந்ததைத்தானே வெள்ளைக்காரன் தேடறான்?

திருமூலர் 3,000 வருஷம் வாழ்ந்தார்ங்கறது பரம்பரையா வர்ற நம்பிக்கை, அதை மதிக்கறேன், வரலாற்று ஆதாரமா எடுத்துக்க முடியாது. எனக்குப் பயம் என்னன்னா காயகல்பம்னு பேர் போட்டு பாட்டில்ல வர்ற சரக்கு. பாதரசமும் ஈயமும் கலந்த மருந்தைக் கண்ட இடத்துல வாங்கிச் சாப்பிட்டா கிட்னி போகும். படிச்சுப் பட்டம் வாங்கிப் பதிவு பண்ணின சித்த மருத்துவரைப் பாருங்க, ஆன்லைன்ல ஆயுசு விக்கறவங்களை நம்பாதீங்க.

சாகாக் கலையைப் பத்தி நம்ம ஊர்ல அதிகமா பேசினது வள்ளலார்தான். அவர் மரணமில்லாப் பெருவாழ்வுன்னு சொன்ன அதே வாயால பசிதான் முதல் கொடுமைன்னும் சொன்னார், 1867ல வடலூர்ல தருமசாலை அடுப்பை மூட்டினார், அது இன்னிக்கும் எரியுது. அவரோட பேரைச் சொல்லி லேகியம் விக்கறவங்க இந்த ரெண்டாவது பாதியைச் சொல்றதே இல்ல.

உடம்பை ஐஸ்ல வெச்சுட்டு மருந்து கண்டுபிடிச்சதும் எழுப்பலாமாமே?

ஐஸ் இல்ல, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். 1967 ஜனவரில ஜேம்ஸ் பெட்ஃபோர்டுங்கற உளவியல் பேராசிரியர் உடம்பைத்தான் முதல்ல இப்படி வெச்சாங்க, இப்பவும் அரிசோனால இருக்கற ஆல்கார் நிறுவனத்துல இருக்கு. முழு உடம்புக்கு 2 லட்சம் டாலருக்கு மேல கேட்கறாங்க, தலை மட்டும்னா குறைவு. இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட எழுப்பல. எழுப்பற வழியும் யாருக்கும் தெரியாது.

சிக்கல் என்னன்னா சாதாரணமா உறைஞ்சா செல்லுக்குள்ள ஐஸ் படிகம் கிழிச்சுடும், அதனால கண்ணாடி மாதிரி இறுகற திரவத்தை ஏத்தறாங்க. அது ஓரளவு முன்னேறியிருக்கு, 2023ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல எலி கிட்னியை 100 நாள் வரைக்கும் இப்படி வெச்சிருந்து சூடாக்கி இன்னொரு எலிக்குப் பொருத்தினாங்க, வேலை செஞ்சுது. உறுப்பு தானத்துக்கு இது பெரிய நம்பிக்கை, கிட்னிக்கும் கல்லீரலுக்கும் வரிசைல நிக்கறவங்களை நினைச்சுப் பாருங்க. ஆனா எலி கிட்னிலேர்ந்து மனுஷ மூளைக்கு ரொம்ப தூரம். அதுக்கும் மேல யார் நைட்ரஜன் ஊத்துவாங்கங்கற கேள்வி இருக்கு. கலிஃபோர்னியால சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்துல இப்படி வெச்சிருந்த உடல்கள் பணம் தீர்ந்து உருகிப் போனது 1979ல தெரிய வந்துச்சு. அம்மாவை, குழந்தையை நம்பி ஒப்படைச்ச குடும்பங்கள் அவங்க.

சரி உடம்பை விடுங்க, மூளையை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா?

முன்னாடி சொன்ன அதே ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு 302 நரம்பு செல்தான், அதோட முழு வயரிங் வரைபடம் 1986லயே வந்துடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்தப் புழுவை முழுசா கம்ப்யூட்டர்ல வாழ வைக்க முடியல, ஏன்னா எது எதோட சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, ஒவ்வொரு இணைப்பும் எவ்ளோ பலமா எப்ப மாறுதுன்னும் தெரியணும். 2024ல பழ ஈயோட மூளை முழுசா வரைஞ்சாங்க, சுமார் 1,40,000 செல், 5 கோடி இணைப்பு. அதே வருஷம் மனுஷ மூளைல ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கை மட்டும் படம் எடுத்தாங்க, அதுக்கே 1,400 டெராபைட் ஆச்சு. முழு மூளை அதைவிட பத்து லட்சம் மடங்குக்கும் மேல, 8,600 கோடி செல்.

ஒருநாள் முடியும்னே வெச்சுக்குவோம். ஸ்கேன் முடிஞ்சு கம்ப்யூட்டர்ல இருக்கற நீங்க நான்தான் நான்தான்னு பேசும், அதே நேரம் கட்டில்ல படுத்திருக்கற நீங்களும் பேசுவீங்க. ரெண்டு பேர்ல யார் சாகல? கட்டில்ல இருக்கறவர் செத்துத்தான் போவார். உங்க மகளுக்கு அந்தக் காப்பி ஆறுதலா இருக்கலாம், உங்களுக்கு அது சாகாவரம் இல்லன்னுதான் நான் நினைக்கறேன். இதுல வேற மாதிரி நினைக்கற தத்துவக்காரங்களும் இருக்காங்க.

இறந்துபோன அப்பா குரல்லயே பேசற ஏஐ வந்துடுச்சே, அதுவும் ஒருவிதத்துல வாழறதுதானே?

இல்ல, அது நமக்கு, அவருக்கு இல்ல. இங்கயே நடக்குது, 2024 ஜனவரில கலைஞர் கருணாநிதி ஏஐ உருவத்துல மேடைல பேசினார், அதே வருஷம் ஏ.ஆர்.ரஹ்மான் இறந்துபோன ரெண்டு பாடகர்களோட குரலை ஏஐ வெச்சு ஒரு பாட்டுல கொண்டு வந்தார், குடும்பத்துகிட்ட அனுமதி கேட்டு பணமும் கொடுத்ததா சொன்னார். அந்த அனுமதிதான் முக்கியம். உங்க குரலையும் போட்டோவையும் நீங்க போன பிறகு என்ன பண்ணலாம், என்ன பண்ணக்கூடாதுன்னு இப்பவே வீட்டுல சொல்லி வெச்சுடுங்க.

யாருமே சாகலன்னா பூமி தாங்குமா? ஜனத்தொகை என்னாகும்?

உலகத்துல வருஷத்துக்கு சுமார் 13 கோடி குழந்தைங்க பொறக்கறாங்க, 6 கோடி பேர் இறக்கறாங்க, அதாவது இப்ப கூடறது 7 கோடி. நாளைக்கே சாவு நின்னா 13 கோடி கூடும், 100 வருஷத்துல 1,300 கோடி பேர் கூடுதல், அது தாங்காது. ஆனா முதல் பதில்ல சொன்னபடி சாவு நிக்கப் போறதில்ல, நடக்கக்கூடியது 10, 20 வருஷம் நீளறதுதான். இன்னொரு பக்கம் பிறப்பு வேகமா குறையுது, தென் கொரியால 2023ல ஒரு பொண்ணுக்கு சராசரி 0.72 குழந்தை, தமிழ்நாடும் 2க்குக் கீழ போய் ரொம்ப நாளாச்சு. அதனால ஜனத்தொகை பயத்தைவிட எனக்குப் பெரிய கவலை அடுத்து வர்ற கேள்வில இருக்கு.

இதெல்லாம் வந்தாலும் பணக்காரன் மட்டும்தானே 200 வருஷம் வாழ்வான்?

இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லாத்தையும்விட முக்கியமா நினைக்கறேன், ஏன்னா இது வருங்காலக் கேள்வியே இல்ல. இன்னிக்கே ஜப்பான்ல பொறக்கற குழந்தையோட எதிர்பார்ப்பு ஆயுள் 84க்கு மேல, சாட் நாட்டுல, நைஜீரியால 55ஐ ஒட்டி. முப்பது வருஷ வித்தியாசம், எந்த அதிசய மருந்தும் இல்லாமலேயே. நம்ம நாட்டுக்குள்ளயே கேரளாவுக்கும் சத்தீஸ்கருக்கும் சுமார் 10 வருஷம் வித்தியாசம். அமெரிக்காவுல எலிக்கு 14 சதவீதம் கூடினது தலைப்புச் செய்தி, இங்க ஒரு மாநிலத்துக்கே 10 வருஷம் குறையறது யார் பேச்சுலயும் இல்ல.

ஆனா விலை எப்பவும் அப்படியே நிக்காது, அதுக்கு ஒரு உதாரணம் சென்னையிலிருந்தே இருக்கு. 1986ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் இந்தியால முதல் எச்ஐவி தொற்றை சென்னைல கண்டுபிடிச்சாங்க. 1996ல உயிர் காக்கற கூட்டு மருந்து வந்துச்சு, வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல. பணம் இருக்கறவங்க பிழைச்சாங்க, ஆப்பிரிக்காலயும் இங்கயும் மத்தவங்க இறந்தாங்க. 2001ல இந்திய மருந்து கம்பெனி சிப்லா அதையே வருஷம் 350 டாலருக்குத் தர்றேன்னு சொன்னாங்க, 2004ல தாம்பரம் உட்பட சில அரசு ஆஸ்பத்திரிகள்ல இலவசமாவே கொடுக்க ஆரம்பிச்சாங்க. நோயாளிகள் தெருவுல இறங்கிப் போராடி, காப்புரிமைச் சட்டத்தோட மல்லுக்கட்டி வந்த விலை அது, தானா குறையல. நடுவுல போன வருஷங்கள்ல இறந்தவங்களை யாரும் திருப்பித் தர முடியாது. முதுமைக்கு மருந்து வந்தா அதே வருஷங்கள் திரும்ப வரும், அப்ப வரிசைல யார் கடைசின்னு இப்பவே கேட்கணும்.

எனக்கு ஆயுள் நீட்டற டெக்னாலஜின்னா 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்தான் ஞாபகம் வரும், பிபி மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு போய்க் கொடுக்கறது. ஸ்ட்ரோக் வராம தடுத்தா ஒருத்தருக்குக் கிடைக்கறது நடந்து போய் பேரனை ஸ்கூல்ல விடற பத்து வருஷம்.

கெட்டவன் சாகவே மாட்டான்னா? சர்வாதிகாரி 300 வருஷம் ஆண்டா என்ன பண்றது?

2025 செப்டம்பர்ல பெய்ஜிங் ராணுவ அணிவகுப்புக்கு நடந்து போகும்போது புதினும் ஷி ஜின்பிங்கும் இதைத்தான் பேசிட்டுப் போனாங்க, மைக் ஆன்ல இருந்துச்சு. உறுப்பை மாத்தி மாத்தி இளமையாகலாம், சாகாமலும் இருக்கலாம்னு புதின் பக்கம், இந்த நூற்றாண்டுலயே 150 வயசு வாழலாம்னு சொல்றாங்கன்னு ஷி பக்கம். ரெண்டு பேருக்கும் அப்ப 72. அதனால இந்தப் பயம் கற்பனை இல்ல.

ஆனா சாவு வந்து நம்மளைக் காப்பாத்தும்னு உக்காந்திருக்கறதும் நம்பிக்கையான ஏற்பாடு இல்ல, அப்பன் போனா மகன் வர்ற நாடுகளைப் பார்த்துட்டுத்தானே இருக்கோம். பதவிக்காலத்துக்கு வரம்பு, சொத்து கைமாற வரி, நீதிபதிக்கும் பேராசிரியருக்கும் ஓய்வு வயசு, இதெல்லாம் ஆயுசு நீளறதுக்கு முன்னாடியே உறுதியா இருக்கணும். இதுல எனக்கு முழு சமாதானம் இல்லன்னு ஒத்துக்கறேன். நாடுகள் இதுக்குத் தயாரா இல்ல.

ஏம்மா, கடவுள் கொடுத்த ஆயுசுல கை வைக்கறது தப்பில்லையா?

32ஐ 70 ஆக்கினோமே, அது தப்பா? பெரியம்மை போட்டு செத்தது விதின்னு இருந்ததை 1980ல உலகத்துலேர்ந்தே ஒழிச்சாங்க, அதை யாரும் பாவம்னு சொல்றதில்ல. கண்ணுல புரை வந்தா ஆபரேஷன் பண்ணிக்கறோம், ஹார்ட்டுல ஸ்டென்ட் வைக்கறோம். எந்த வயசுலேர்ந்து மருத்துவம் கடவுளுக்கு விரோதமாகுதுன்னு யாரும் கோடு போட்டுச் சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்ச நியாயம் ஒண்ணுதான், இன்னொருத்தரோட ஆயுசை எடுத்து நம்ம ஆயுசை நீட்டக் கூடாது, அது திருட்டு கிட்னியா இருந்தாலும் சரி, ஏழை நாட்டு ஆட்களை மட்டும் வெச்சு மருந்து சோதிக்கறதா இருந்தாலும் சரி.

ரொம்ப நாள் வாழ்ந்தா போரடிச்சுடாது? வேணாம்னு தோணினா?

போரடிக்கறது ஆளைப் பொறுத்தது, 30 வயசுலயும் அடிக்குது. ஆனா வேணாம்னு சொல்ற உரிமை கண்டிப்பா வேணும். 2018 மார்ச்ல உச்ச நீதிமன்றம் கண்ணியமா சாகறதும் வாழ்வுரிமையோட சேர்ந்ததுன்னு சொல்லி, மீள முடியாத நிலைல மெஷின் வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்க அனுமதிச்சாங்க, 2023ல நடைமுறையை எளிமையாக்கினாங்க. இதைப் பத்தி வீட்டுல பேசறது அபசகுனம்னு ஒதுக்காதீங்க.

இருக்கற பெரியவங்களைப் பாத்துக்கவே ஆள் இல்ல, இன்னும் எதுக்கு ஆயுசு?

இதைக் கேட்டது அம்மாவை எட்டு வருஷமா படுக்கைல வெச்சுப் பார்த்துக்கற ஒரு அக்கா. அவங்களுக்கு விஞ்ஞானத்தை வெச்சு மட்டும் பதில் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுல 2021 கணக்குப்படி 13.6 சதவீதம் பேர் 60 வயசைத் தாண்டினவங்க, 2031ல 18 சதவீதத்தைத் தாண்டும்னு கணிப்பு. முதியோர் உதவித்தொகை 2023 நிலவரப்படி மாசம் 1,200 ரூபாய். விருதுநகர் பக்கம் சில ஊர்கள்ல தலைக்கூத்தல்னு ஒரு கொடுமை இருந்ததும் நமக்குத் தெரியும், எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி பெத்தவங்களையே அனுப்பி வெச்சது, பலது வறுமைல, பார்த்துக்க முடியாத நிலைல நடந்தது. ஆயுசு மட்டும் நீண்டு மத்ததெல்லாம் இப்படியே இருந்தா என்னாகும்ங்கறதுக்கு நம்மகிட்டயே சாட்சி இருக்கு.

அதனாலதான் நான் நீட்டணும்னு சொல்றது படுக்கைல கிடக்கற வருஷத்தை இல்ல, நடமாடற வருஷத்தை. எலில ராபாமைசின் நல்ல செய்தியா இருந்ததுக்கும் காரணம் அதுதான், பல உறுப்புகள்ல முதுமையோட அடையாளமும் தள்ளிப் போச்சு. அந்த அக்காவுக்கு இன்னிக்குத் தேவை வாரத்துல ரெண்டு நாள் வந்து மாத்தி விடற ஒரு நர்ஸ், வலி தணிப்பு சிகிச்சை, அவங்க தூங்கறதுக்கு ஒரு ராத்திரி. இதுக்குப் பணம் ஒதுக்காத நாடு முதுமையை ஜெயிச்சுடும்னு என்னால நம்ப முடியல.

நாளைக்கே 200 வருஷம் வாழற மாத்திரை வந்தா நீங்க சாப்பிடுவீங்களா மேடம்?

சாப்பிடுவேன். வாழ ஆசைப்படறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, இன்னும் படிக்காத புத்தகம் இருக்கு, பார்க்காத பவளப்பாறை இருக்கு, என் ஸ்டூடன்ட்ஸோட பேரப் பசங்களுக்குப் பாடம் எடுத்துப் பார்க்கணும். ஆனா அது ரேஷன் கார்டு இருக்கற எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல கிடைக்கற நாள்லதான் சாப்பிடுவேன், எங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டு இருக்கறவங்க 60ல கிழடாகி நான் அப்படியே இருக்கற வீட்டுல என்னால இருக்க முடியாது. நான் 65 வயசுல வேலையை விட்டுடணும்னும் சட்டம் வேணும், இல்லன்னா என் சீட்டுக்குப் படிச்சுட்டு இருக்கற பொண்ணு எங்க போவா? அந்த மாத்திரையோட விலை என்ன, முதல்ல யாருக்கு, யார் முடிவு பண்றதுன்னு கேட்டுட்டு அப்புறம் என்கிட்ட வாங்க, மத்ததைப் பேசலாம்.